பளிச்சொளி விளக்கும் அதன் மின்கலமும்

ஒளிப்படக் கலைக்கு ஒளியே முதற்பொருள். பகலில் அப்பொருளைக் கதிரவன் விலையின்றி வழங்குகின்றான். இரவிலும், சுவர் சூழ்ந்த கூடத்திலும், நிலத்தடிச் சுரங்கத்திலும் படமெடுக்க விரும்பியவர்கள் ஒளியைத் தம்மோடு சுமந்து செல்ல வேண்டியவராயினர். அவ்வாறு சுமந்து சென்ற ஒளிக்கு நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் விளக்கின் வளர்ச்சி பலரும் அறிந்தது. அவ்விளக்கிற்கு ஆற்றல் ஊட்டிய மின்கலத்தின் கதையோ அவ்வளவாக அறியப்படாதது.

திருமணக் கூடம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மணமகன் தாலியைக் கையில் எடுக்கின்றான். கெட்டிமேளம் முழங்குகின்றது. படமெடுப்பவர் பொத்தானை அழுத்துகின்றார். விளக்கு எரியவில்லை! படக்கருவியில் பழுதில்லை, வில்லையில் குறையில்லை, பிலிமும் புதியதே. விளக்கின் கைப்பிடிக்குள் இருந்த மின்கலம் மட்டும் ஓய்ந்து போயிருந்தது. மறு மின்கலம் இடுவதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. அக்கணத்தை எவராலும் திருப்பிக் கொணர இயலாது.

'பிளாஷ்' என மக்கள் வழங்கும் பளிச்சொளி விளக்கின் உறுப்புகளுள் முதலில் மூப்படைவது மின்கலமே. கண்ணாடிக் குழாயும் கம்பிச் சுருளும் பல்லாண்டு உழைக்கவல்லவை. மின்கலமோ சில திங்களிலோ சில ஆண்டுகளிலோ தன் கடமையை முடித்துக்கொள்ளும். ஆகவே, ஒரு விளக்கு எத்துணைக் காலம் வாழும் என்பது, அதன் மின்கலத்தை மாற்ற முடியுமா என்னும் ஒரு வினாவில் பெரிதும் அடங்கியுள்ளது. பளிச்சொளியின் வரலாறு முழுதும் இவ்வினாவிற்கு மனிதர் கண்ட விடைகளின் தொகுப்பே எனலாம்.

பாரிசு நகரின் அடியில்

இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, இடையறா மின்னோட்டத்தைப் பெற்றார். அதுவே மின்கல அடுக்கின் பிறப்பு. 1841இல் ஜெர்மானிய வேதியியலார் ராபர்ட் புன்சன் மேலும் வலிய மின்கலம் ஒன்றை அமைத்தார். நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகமும், நைட்ரிக் அமிலத்தில் கரியும் நின்றன. அதிலிருந்து எழுந்த செந்நிறப் புகை மூச்சை அடைக்கும். ஆயினும் அக்காலத்தில் வேண்டிய ஆற்றலைத் தரவல்லதாக அஃது இருந்தது.

இந்த மின்கலத்தைப் படமெடுப்பதற்குத் துணையாகக் கொண்டவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் நதார் என்னும் புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர். இவர் 1861ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் பாரிசு நகரின் அடியிலுள்ள எலும்புக் கிடங்குகளையும் சாக்கடைச் சுரங்கங்களையும் படமெடுத்தார். புன்சன் மின்கலங்களின் வரிசை ஒன்று இரு கரிக்கோல்களுக்கு இடையே வில்விளக்கை எரித்தது. சுரங்கத்தின் வழி குறுகியிருந்த இடங்களில் மின்கலங்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுக் கம்பிகளை மட்டும் கீழே இறக்கினர். ஒரு படத்திற்குப் பதினெட்டு நிமிடம் வரை ஒளி தேவைப்பட்டது. அத்துணை நேரம் அசையாது நிற்பது மனிதர்க்கு அரிதாகலின், தொழிலாளருக்குப் பதிலாகத் துணிப் பொம்மைகளை நதார் நிறுத்தினார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. புன்சன் மின்கலம் தளர்ந்தால் அதனை எவரும் தூக்கி எறிவதில்லை. பழைய அமிலத்தைக் கொட்டிப் புதிய அமிலத்தை வார்ப்பர். கரைந்த துத்தநாகத்தை எடுத்துவிட்டு வேறு துத்தநாகம் செருகுவர். சாடியும் கரியும் அப்படியே நிற்கும். மின்கலத்தைப் புதுப்பிப்பது படமெடுப்பவரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. கை வெந்தாலும், மின்கலத்தின் உள்ளிருப்பது இன்னதென்பதை அவர் அறிந்திருந்தார்.

மின்சாரம் இல்லாத இடைக்காலம்

அமிலச் சாடிகளைத் தூக்கிச் செல்வது எல்லாருக்கும் இயலுவதன்று. எனவே 1860களில் மக்னீசியக் கம்பியைக் கொளுத்தி ஒளி பெறும் வழக்கம் பரவிற்று. 1887இல் ஜெர்மனியின் அடால்ஃப் மீத்தே, யோகன்னஸ் கெடிக்கே ஆகிய இருவரும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆண்டிமனி சல்ஃபைடும் கலந்து வெடிபொடி ஒன்றைச் செய்தனர். இமைப்பொழுதில் பேரொளி காட்டிய அப்பொடி, மின்கலத்தின் தேவையைச் சில காலம் இல்லாமலே செய்தது.

அதன் பயனையும் தீங்கையும் ஒருங்கே கண்டவர் நியூயார்க்கு நகரின் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ். ஏழைமக்கள் நெருங்கி வாழ்ந்த இருட்டறைகளின் அவலத்தை உலகுக்குக் காட்ட அவர் இவ்வொளியைக் கையாண்டார். வறுக்கும் சட்டியில் பொடியைப் பரப்பிக் கொளுத்துவார். 1890இல் வெளிவந்த அவருடைய நூல் நகரத்தாரின் மனச்சான்றை உலுக்கிற்று. ஆயினும் அம்முயற்சியில் அவர் படமெடுக்கச் சென்ற வீட்டிலேயே தீப்பற்றியதும் உண்டு. அவர் கண்பார்வை நூலிழையில் தப்பியதும் உண்டு. தீயைக் கையில் ஏந்தும் இம்முறைக்கு மாற்று தேவை என்பது வெளிப்படை.

உலர்மின்கலமும் கண்ணாடிக் குமிழும்

இதே காலத்தில் மின்கலமும் மாறிக்கொண்டிருந்தது. 1866இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் லெக்லாஞ்சே, துத்தநாகமும் கரியும் நவச்சாரக் கரைசலும் கொண்ட மின்கலத்தை வகுத்தார். 1880களில் ஜெர்மானியர் கார்ல் காஸ்னர் அக்கரைசலைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். எப்படிச் சாய்த்தாலும் சிந்தாத உலர்மின்கலம் தோன்றிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அதனைக் கைவிளக்கில் இட்டு எரிக்கும் வழக்கமும் வந்துவிட்டது.

இந்த மின்கலத்திற்கு ஏற்ற விளக்கு 1929இல் ஜெர்மனியில் கிடைத்தது. யோகன்னஸ் ஓஸ்டர்மையர், மெல்லிய அலுமினியத் தாளையும் ஆக்சிஜனையும் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்தார். உள்ளிருக்கும் நுண்கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் தாள் பற்றி எரிந்து, புகையும் ஓசையும் இன்றி ஒளி வீசும். அடுத்த ஆண்டே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய குமிழ்கள் விற்பனைக்கு வந்தன. செய்தித்தாள் படப்பிடிப்பாளர்கள் கையில் நீண்ட உலோகக் கைப்பிடியும், அதன் தலையில் பளபளக்கும் கிண்ணமும் காணப்பட்டன. கைப்பிடிக்குள் இருந்தவை டார்ச் விளக்கில் இடும் பெரிய மின்கலங்கள் இரண்டோ மூன்றோ ஆகும்.

குமிழின் ஒளிக்கு மின்கலம் ஆற்றல் தருவதில்லை; ஒளி எரியும் உலோகத்திலிருந்தே வருகின்றது. மின்கலம் செய்வது பற்றவைக்கும் வேலை மட்டுமே. ஆனால் அவ்வேலையைக் குறித்த நேரத்தில் செய்தாக வேண்டும். இடைத்தரக் குமிழ் ஒன்று மின்னோட்டம் பெற்ற பின், ஆயிரத்தில் 20 பங்கு வினாடி கழித்து முழு ஒளியை எய்தும். படக்கருவியின் மூடி அதே கணத்தில் திறந்திருக்குமாறு கணக்கிட்டு அமைத்திருந்தனர். மின்கலம் தளர்ந்திருந்தால் நுண்கம்பி மெதுவாகச் சூடேறும், ஒளி பிந்தும், மூடி அதற்குள் அடைபட்டுவிடும். கூட்டத்தினர் அனைவரும் ஒளியைக் கண்ணால் கண்டிருப்பர். பிலிமில் இருள் மட்டுமே பதிந்திருக்கும். முற்றும் ஓய்ந்த மின்கலத்தினும் அரைகுறையாக ஓய்ந்த மின்கலம் வஞ்சகமானது என்பதைப் படப்பிடிப்பாளர்கள் இவ்வாறு கற்றுக்கொண்டனர்.

தேக்கி வைக்கும் உத்தி

தளர்ந்த மின்கலம் ஏன் தடுமாறுகின்றது? ஒவ்வொரு மின்கலத்தின் உள்ளேயும் மின்னோட்டத்தை எதிர்க்கும் தடை ஒன்று உண்டு. மின்கலம் மூப்படைய மூப்படைய இந்த உள்தடை மிகுகின்றது. சிறு விளக்கை மங்கலாக எரிக்கப் போதுமான மின்னோட்டத்தை அது தரும். ஒரே வீச்சில் பெருமின்னோட்டத்தைத் தரமாட்டாது. ஊற்று வற்றிய கிணற்றில் இறைத்துக்கொண்டே இருக்க இயலாது. ஆனால் பொறுத்திருந்து சுரப்பதைத் தொட்டியில் சேர்த்து வைத்தால் ஒருமுறை பாய்ச்சலாம் அன்றோ? மின்தேக்கி அத்தகைய தொட்டியாகும்.

இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் இவ்வுத்தி பரவிற்று. கைப்பிடியில் இருந்த பெரிய மின்கலங்களுக்குப் பதிலாக விரலளவே உள்ள 22.5 வோல்ட்டு மின்கலம் இடப்பட்டது. அதனுள் 15 நுண்கலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. அது சில வினாடிகளில் மின்தேக்கியை நிரப்பும். பொத்தானை அழுத்தியதும் மின்தேக்கி தன்னிடமுள்ளதைக் குமிழுக்குள் ஒரே வீச்சில் கொட்டும். மின்கலம் பாதி தளர்ந்திருந்தாலும் குமிழ் தவறாது எரியும். பாக்கெட்டில் மறைந்துவிடும் சிறு விளக்குகள் இதனால் இயன்றன.

இவ்வெற்றியின் விலை பின்னர்த் தெரிந்தது. டார்ச் மின்கலம் எந்தக் கடையிலும் கிடைக்கும், 22.5 வோல்ட்டு மின்கலம் சிலவகைக் கருவிகளுக்கு மட்டுமே உரியது. குமிழ் விளக்கின் காலம் முடிந்ததும் அம்மின்கலமும் கடைகளிலிருந்து மறைந்து அரும்பொருளாயிற்று. பழைய நீள்கைப்பிடிகளின் கதையோ வேறு. அவற்றுக்குரிய மின்கலம் இன்றும் கிடைக்கின்றது, குமிழ்தான் அரிதாயிற்று. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வீரனின் ஒளிவாளுக்குப் பிடியாக அமைந்தது இத்தகைய 'கிராஃப்ளெக்ஸ்' கைப்பிடியே. அது முதல் அக்கைப்பிடிகளைப் படத்தின் அன்பர்கள் தேடி வாங்கலாயினர்.

510 வோல்ட்டுப் பெட்டி

குமிழ் ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது. ஆயிரமுறை எரியும் விளக்கைத் தந்தது மின்பொறியே. 1851இலேயே இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இதற்கு வழிகாட்டினார். சுழலும் சக்கரத்தில் 'டைம்ஸ்' நாளேட்டின் தாள் ஒன்றை ஒட்டி, இருட்டறையில் லெய்டன் சாடிகளின் மின்பொறியால் அதனைப் படமெடுத்தார். தாளிலிருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. லெய்டன் சாடியும் ஒருவகை மின்தேக்கியே.

எண்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரோல்டு எட்கர்ட்டன் இவ்வழியை விரித்தார். சுழலும் மோட்டார்களை ஆராய 1931இல் அவர் அமைத்த மின்விளக்கு, பின்னர்ப் பறவையின் சிறகையும் பாலின் துளியையும் காலத்தில் நிறுத்திக் காட்டிற்று. 'மில்வாக்கி ஜர்னல்' நாளிதழின் படப்பிடிப்பாளர் எட்வர்டு ஃபார்பர் 1930களின் பிற்பகுதியில் இத்தகைய விளக்கைச் செய்தியாளர் தூக்கிச் செல்லத்தக்க உருவில் அமைத்தார்.

இவ்விளக்கின் ஆற்றலை ஒரு கணக்கால் உணரலாம். நடுத்தரமான மின்தேக்கி ஒன்றில் 50 ஜூல் ஆற்றல் சேர்வதாகக் கொள்வோம். மின்கலம் இதனைச் சேர்க்கப் பத்து வினாடி எடுத்தால், அதன் உழைப்பு 5 வாட்டு வேகத்தில் நடைபெறுகின்றது. செனான் குழாயில் அதே ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் செலவாகும்போது அதன் வேகம் 50,000 வாட்டு! சிறுகச் சேர்த்துப் பெருகச் செலவிடும் விந்தை இதுவே.

ஆனால் அக்குழாய்க்கு 300 வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டும். மின்கலத்திலிருந்து அவ்வழுத்தத்தைப் பெறுவது எவ்வாறு? 1950களில் இரண்டு விடைகள் போட்டியிட்டன. முதலாவது, உயரழுத்த உலர்மின்கலம். சிலவகை விளக்குகளுக்கு 510 வோல்ட்டுப் பெட்டி ஒன்று வந்தது. ஒரு கலத்திற்கு 1.5 வோல்ட்டு எனக் கொண்டால், அப்பெட்டிக்குள் 340 தட்டைக் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. மின்தேக்கியோடு நேரே இணைத்துவிடலாம், ஓசையில்லை, விளக்கு விரைவில் ஆயத்தமாகும். தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் அதனை விரும்பினர்.

இரண்டாவது, தாழ்ந்த அழுத்தமுள்ள மின்கலத்தை வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கருவிக்குள்ளேயே உயர்த்துவது. அதிர்வியக்கி என்னும் சிறு கருவி நேர்மின்னோட்டத்தை வினாடிக்குப் பன்முறை வெட்டித் தர, மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் கூட்டிற்று. ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்தார் அக்காலத்தில் வெளியிட்ட 'ஹாபி' விளக்கில், தோளில் தொங்கும் பெட்டிக்குள் காரீய அமில மின்கலம் இருந்தது. அதிர்வியக்கியின் தொடுமுனைகள் தேய்ந்து பழுதாவதுண்டு. 1947இன் இறுதியில் பிறந்த டிரான்சிஸ்டர், அப்பத்தாண்டு கழியும் அளவில் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. விளக்கு ஆயத்தமாகும்போது எழும் மெல்லிய கீச்சொலி டிரான்சிஸ்டர் காலத்தின் அடையாளமாயிற்று.

இப்போட்டியில் 510 வோல்ட்டுப் பெட்டி தோற்றது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அஃது ஆற்றலிழக்கும், விலையும் மிகுதி. 340 கலங்களுள் சில உலர்ந்தாலும் முழுப் பெட்டியும் பயனற்றதாகும். உற்பத்தி நின்றதும் அதனை நம்பியிருந்த விளக்குகள் ஒரே நாளில் ஊமையாயின. அவற்றின் செனான் குழாய்கள் பழுதடையவில்லை, கம்பிகள் அறவில்லை. உணவு நின்றமையால் மட்டுமே அவை மாண்டன.

உள்ளே அடைக்கப்பட்ட மின்கலம்

சுவீடன் நாட்டு வால்டிமர் யுங்னர் 1899இல் கண்ட நிக்கல்–காட்மிய மின்கலம், 1940களின் இறுதியில் காற்றுப்புகா உருவைப் பெற்றது. மீண்டும் மீண்டும் மின்னேற்றலாம், உள்தடை குறைவு, ஆகவே விளக்கு விரைவில் நிரம்பும். 1960களில் பளிச்சொளி செய்தோர் இதனை மகிழ்ந்து ஏற்றனர். பல விளக்குகளில் இம்மின்கலத்தைக் கம்பியோடு பற்றவைத்து மேலுறைக்குள் மூடிவிட்டனர். உரிமையாளர் சுவரிலிருக்கும் மின்துளையில் இணைத்தால் போதும்; மின்கலம் என ஒன்று இருப்பதையே அவர் எண்ணவேண்டியதில்லை.

மறக்கச் செய்த வசதியே பின்னர்த் தீங்காயிற்று. இவ்வகை மின்கலமும் மூப்படைவதே. நெடுங்காலம் ஏற்றாமல் கிடந்தால் உள்ளே காட்மியப் படிகங்கள் ஊசிபோல் வளர்ந்து இரு தகடுகளையும் தொட்டு இணைத்துவிடும். தொடராக இணைத்த கலங்களுள் ஒன்று முதலில் வற்றினால், மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தலைகீழாகச் செலுத்தி அதனைக் கெடுக்கும். அடைப்பு வெடித்தால் பொட்டாசியக் காரம் கசிந்து செப்புக் கம்பிகளை அரிக்கும். மேலுறையில் மின்கலத்திற்கெனக் கதவு இல்லாமையால், உரிமையாளருக்கு ஒரு வழியே எஞ்சிற்று. முழு விளக்கையும் குப்பையில் எறிவதே அது.

மின்கலத்தை மறக்க முயன்றவர்கள்

மின்கலத்தின் தொல்லையை அறவே நீக்க முயன்றோரும் உளர். 1965இல் நான்கு குமிழ்கள் கொண்ட கனசதுர விளக்கு வந்தது. படமெடுக்குந்தோறும் அது தானே திரும்பும். ஆனால் அதனை எரிக்கப் படக்கருவிக்குள் மின்கலம் வேண்டும். விடுமுறைக்கு விடுமுறை கருவியை எடுக்கும் குடும்பங்களில் அம்மின்கலம் ஓய்ந்தே இருக்கும். ஆகவே 1970இல் வந்த 'மேஜிக்கியூப்' மின்சாரத்தையே விலக்கிற்று. சுருள்வில் ஒன்று தெறித்து, தோட்டாவின் மருந்தைப் போன்ற பொருளைத் தட்டிக் குமிழைப் பற்றவைத்தது. 1975இல் வந்த 'ஃபிளிப்ஃபிளாஷ்' அழுத்தினால் மின்சாரம் தரும் படிகத்தைத் துணைக்கொண்டது.

போலராய்டு நிறுவனம் வேறு வழி கண்டது. 1972இல் வந்த 'எஸ்எக்ஸ்-70' கருவிக்குரிய ஒவ்வொரு பிலிம் உறையிலும் 6 வோல்ட்டுத் தட்டை மின்கலம் ஒன்றை வைத்தது. பத்துப் படம் முடிந்து புது உறை இடும்போது மின்கலமும் தானே புதிதாகும். 1981இல் வந்த '600' வகைக் கருவிகளில் உடனமைந்த பளிச்சொளியும் அம்மின்கலத்தையே நம்பியது. ஓய்ந்த மின்கலம் என்னும் கவலை ஒழிந்தது. எனினும் பாதிக்கு மேல் ஆற்றல் உள்ள மின்கலங்களும் பத்தாம் படத்தோடு குப்பைக்குச் சென்றன. 2008இல் அந்நிறுவனம் பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, கருவிகளின் உணவும் ஒளியும் ஒருங்கே நின்றன. நெதர்லாந்தில் இருந்த பழைய தொழிற்சாலை ஒன்றைச் சில ஆர்வலர்கள் காத்து, 2010இல் மீண்டும் பிலிம் செய்யலாயினர். மின்கலமும் உடன் வந்தமையால் கருவிகள் உயிர் பெற்றன.

பொது அளவின் வெற்றி

இத்துணை முயற்சிகளுக்கும் பின்னர் நிலைத்து நின்றது யாது? மிக எளியதே நின்றது. 'டபுள் ஏ' எனப்படும் சிறு மின்கலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றியது. விட்டம் 14.5 மில்லிமீட்டர், நீளம் 50.5 மில்லிமீட்டர். 1947இல் அமெரிக்கத் தர அமைப்பு இவ்வளவை ஏற்றுக்கொண்டது. 1970களில் புகழ்பெற்ற 'விவிட்டார் 283' விளக்கு இத்தகைய மின்கலம் நான்கினால் இயங்கிற்று. பொருளிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து, போதுமான அளவு கிடைத்ததும் விளக்கை நிறுத்தும் அமைப்பு அதில் இருந்தது. தைரிஸ்டர் என்னும் குறைகடத்தி எஞ்சிய ஆற்றலை வீணாக்காது மின்தேக்கியிலேயே காத்தது. மின்கலத்தின் வாழ்நாள் இதனாலும் நீண்டது.

அதே அளவிற்குள் வேதியியல் மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறிற்று. துத்தநாக–கரிக் கலம், காரக் கலம், நிக்கல்–காட்மியக் கலம், நிக்கல்–உலோக ஹைட்ரைடு கலம் என ஒவ்வொன்றும் அதே குழிக்குள் வந்து அமர்ந்தது. 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம், பயன்படுத்தாது வைத்திருந்தாலும் ஓராண்டிற்குப் பின் தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் காக்கும் மின்னேற்று கலத்தை வெளியிட்டது. அதன் அழுத்தம் 1.2 வோல்ட்டே, காரக் கலத்தின் அழுத்தமோ 1.5 வோல்ட்டு. ஆயினும் விளக்கை விரைவில் நிரப்புவது முன்னதே. உள்தடை குறைந்திருப்பதே அதற்குக் காரணம். 1970களில் செய்யப்பட்ட விளக்கு, தன்னைச் செய்தவர் கனவிலும் காணாத மின்கலத்தால் முன்னிலும் நன்றாக உழைக்கின்றது!

நேர்த்தியில் இதனை வென்ற விளக்குகள் பல இருந்தன. அவற்றின் மின்கலம் அவற்றிற்கே உரியதாயிருந்தமையால், செய்தவரின் கடை மூடியதும் அவையும் மூடின. பொது அளவை ஏற்ற விளக்கு யாரையும் நம்பி வாழவில்லை.

மாற்றும்போது அறியவேண்டியவை

மின்கலம் தளர்ந்ததை விளக்கே அறிவிக்கும். முன்பு பத்து வினாடியில் எரிந்த ஆயத்த விளக்கு முப்பது வினாடி எடுத்துக்கொண்டால் மாற்றும் வேளை வந்துவிட்டது. மின்தேக்கி முழுதும் நிறையுமுன்னரே அச்சிறு விளக்கு எரியும்படி பல கருவிகளில் அமைத்திருப்பர். ஆகவே அஃது எரிந்த பின்னும் சில வினாடி பொறுத்தல் நலம்.

பழையதையும் புதியதையும் கலந்து இடலாகாது. வெவ்வேறு வகைகளையும் கலக்கலாகாது. வலிய கலம் மெலிந்ததை வருத்தும். விளக்கு நெடுநாள் ஓய்ந்திருக்குமாயின் மின்கலத்தை வெளியே எடுத்து வைக்கவேண்டும். காரக் கலம் கசிந்து தொடுமுனைகளில் வெண்பொடி படிந்திருந்தால், காடியில் சிறிது நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தலாம்.

மேலுறைக்குள் பற்றவைத்த மின்கலத்தை மாற்றுவது பயின்றவர் செய்யவேண்டிய வேலை. மின்கலத்தை நீக்கிய பின்னும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அது உயிரையும் போக்கவல்லது. பயின்றவரும் அதனை முறைப்படி வடித்த பின்னரே கை வைப்பர். புதிய கலத்தின் மீது நேரே சூட்டுக்கோலை வைத்தால் அதன் அடைப்பு கெடும். ஆதலால் இணைப்புத் தகடு பொருத்தி வரும் கலங்களை வாங்குவர். பல ஆண்டு உறங்கிய விளக்காயின் மின்தேக்கியும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். சிறிது சிறிதாக மின்னேற்றி அதனைப் பழைய நிலைக்குக் கொணர்வர்.

எறிந்த மின்கலம் எங்கே செல்கின்றது?

மாற்றிய பழைய மின்கலத்தின் கதை குப்பைத்தொட்டியோடு முடிவதில்லை. ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து, நெல்வயல்களின் வழியே மக்கள் உடலில் சேர்ந்தது. எலும்புகள் நொறுங்கி அவர்கள் பட்ட துன்பம் 'இதாய்-இதாய்' என்னும் பெயரையே நோய்க்குத் தந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அச்சொல்லின் பொருள். 1968இல் அரசு அதன் காரணத்தை ஒப்புக்கொண்டது. அக்காட்மியம் சுரங்கத்திலிருந்து வந்தது, மின்கலத்திலிருந்து வந்ததன்று. ஆனால் மண்ணிலும் நீரிலும் அவ்வுலோகம் என்ன செய்யும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான கையடக்க மின்கலங்களில் காட்மியத்தை விலக்கி ஆணையிட்டது. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் மின்னியல் கழிவுகளோடு கையடக்க மின்கலங்களையும் சேகரிக்கும் பொறுப்பைச் சட்டம் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளது.

1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் பளிச்சொளி விளக்கிலும் இடம் பிடித்துவிட்டது. எடை குறைவு, ஆற்றல் மிகுதி, ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தாரும் ஒவ்வோர் உருவில் அதனைச் செய்கின்றனர். 510 வோல்ட்டுப் பெட்டியின் பழைய வினா புதிய உடையில் வந்து நிற்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய ஒழுங்குவிதி, கருவிகளிலுள்ள கையடக்க மின்கலங்களை உரிமையாளரே எளிதில் கழற்றி மாற்றுமாறு செய்தல் வேண்டும் என்றும், 2027 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வரும் என்றும் கூறுகின்றது. கடையில் விளக்கு வாங்குவோர் அதன் ஒளியை மட்டும் நோக்காது மின்கலக் கதவையும் திறந்து பார்ப்பது நன்று.

நதார் தம் அமிலச் சாடிகளைத் தாமே நிரப்பினார். அதற்குப் பின் வந்தவை சிறியனவாயின, தூய்மையாயின, விரைவும் பெற்றன. ஆனால் மின்கலம் மனிதன் கைக்கு எட்டியவரையில்தான் விளக்கு வாழ்ந்தது. கைக்கு எட்டாதபோது நல்ல விளக்கும் மடிந்தது. ஓய்ந்த மின்கலத்தை மாற்றிப் புதியதை இடுவது அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்திற்கு இடம் வைத்துச் செய்த விளக்கே, ஐம்பது ஆண்டு கழித்தும் மணமக்களின் முகத்தில் ஒளி வீசிக்கொண்டிருக்கின்றது.